ஊர்க் குடிநீரை இளைஞர்களிடம் ஒப்படைப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது: ஒரு கிராம ஊராட்சியில் பள்ளி, கல்லூரி படிப்பவர்களும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுமாக இருபது பேர் இருக்கிறார்கள். மரக்கன்று நட்டார்கள், குளக்கரையைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் மாதம் கூப்பிட்டால் நான்கு பேர்தான் வருகிறார்கள். ஊர்ப் பிரச்சினைகளைத் தீர்க்கும் அளவுக்கு அவர்களை எப்படி வளர்த்தெடுப்பது?

அவர்கள் வராமல் போனதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். எங்கே மரம் நடுவது, எந்தக் குளத்தைச் சுத்தம் செய்வது, அடுத்து என்ன என்பதையெல்லாம் பெரியவர்கள் முடிவு செய்திருப்பார்கள். பிள்ளைகள் கைக்கு மண்வெட்டி மட்டும் வந்திருக்கும். யுனிசெஃபுக்காக 1992இல் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்த ரோஜர் ஹார்ட், கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பாகவே கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே நிறப் பனியன் போட்டு ஊர்வலத்தில் நடக்க விடுவதும், எழுதிக் கொடுத்ததை மேடையில் படிக்க வைப்பதும் அந்தக் கீழ்ப்படிகளைச் சேர்ந்தவை. இளைஞர்கள் நிலைத்து நிற்க வேண்டுமானால், அளப்பது, காரணம் கண்டுபிடிப்பது, எழுதுவது, அதிகாரியிடம் பேசுவது, நடந்ததா என்று மறுபடி பார்ப்பது ஆகிய ஐந்தும் அவர்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

அதற்கு முதல் வேலையாகக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை. தினமும் ஒவ்வொரு வீட்டையும் தொடும் விஷயம். வாளியும் செல்போனும் இருந்தாலே அளந்துவிடலாம். எவ்வளவு வர வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட அளவுகோல் உண்டு. பொறுப்பு யாருடையது என்பதிலும் குழப்பம் இல்லை, அது ஊராட்சியுடையது. சரியாகச் செய்தால் மூன்று மாதத்தில் ஏதாவது ஒரு தெருவில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். வேலைவாய்ப்பு, போதைப் பழக்கம் போன்ற பெரிய பிரச்சினைகளை முதலிலேயே எடுத்தால், ஆறு மாதம் கழித்தும் காட்ட எதுவும் இருக்காது. குழு அங்கேயே உடைந்துவிடும்.

குழுவை அமைப்பதில் அவசரம் வேண்டாம். எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை போதும். வயது 14 முதல் 25 வரை கலந்திருக்கட்டும். ஊருக்குள் இருப்பவர்களும் காலனியில் இருப்பவர்களும் முதல் நாளிலிருந்தே சேர்ந்திருக்க வேண்டும். பல ஊர்களில் குழாயின் கடைசி முனை இருப்பது காலனியில்தான். அங்கே தண்ணீர் எப்படி வருகிறது என்பதை அங்கே வாழும் பிள்ளைகள் அளக்காமல் மற்றவர்கள் போய்க் குறித்துக்கொண்டு வந்தால், அந்தக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குடிநீரைப் பேசும் குழு சாதியைப் பேசாமல் ஒதுங்கிப்போக முடியாது.

பெண் பிள்ளைகள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். எந்தக் குழாயில் எத்தனை மணிக்கு எத்தனை குடம் வரும் என்பது அவர்களுக்கும் அவர்கள் அம்மாக்களுக்கும்தான் துல்லியமாகத் தெரியும். அதற்கு ஏற்ற மாதிரி கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் வையுங்கள். இரவு எட்டு மணிக்கு டீக்கடை பெஞ்சிலோ கோயில் திண்ணையிலோ கூடினால் ஒரு பெண்கூட வர முடியாது. ஞாயிறு மாலை நான்கு மணி, பள்ளிக்கூடம் அல்லது நூலகம் என்றால் வீட்டில் அனுப்புவார்கள். 18 வயது நிரம்பாதவர்களின் பெற்றோரிடம் என்ன வேலை, எங்கே, யார் கூட இருப்பார்கள் என்பதை நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஊராட்சித் தலைவரையும் ஊராட்சி செயலரையும் பார்த்து, "ஊரில் தண்ணீர் எங்கெங்கே எவ்வளவு வருகிறது என்று அளக்கப் போகிறோம், முடிந்ததும் முதலில் உங்களிடம் காட்டுவோம்" என்று சொல்லச் சொல்லுங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் அவரிடம். இது அனுமதி கேட்பது ஆகாது. ஆனால் பின்னால் வரும் பாதிச் சண்டையை இந்த ஒரு சந்திப்பு தவிர்க்கும்.

முதல் ஞாயிறு: வரைபடம். ஒரு சார்ட் தாளில் தெருக்கள், போர்வெல், மோட்டார் அறை, மேல்நிலைத் தொட்டி, சின்டெக்ஸ் தொட்டிகள், கேட் வால்வுகள் (தெருவுக்குப் போகும் நீரைத் திறந்து மூடும் திருகுகள்), தெருக்குழாய்கள், சாக்கடையைக் குழாய் கடக்கும் இடங்கள் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். கூடவே மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரை அழைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் குழாய்ப் பாதைக்கான வரைபடம் இல்லாத ஊர்கள் நிறைய. இருப்பது ஆபரேட்டர் மனதில்தான். சொற்பச் சம்பளத்தில் விடிகாலையில் எழுந்து வால்வு திருப்புகிறவர் அவர். குறை என்றால் முதல் திட்டு அவருக்குத்தான் விழும். அவரைக் குற்றவாளியாக நிறுத்தாமல் ஆசிரியராக நடத்தும் குழு பாதி வேலையை முடித்துவிட்டது.

அடுத்த ஒரு வாரம்: நீர் வரத்து. பத்து லிட்டர் வாளி ஒன்றை எடுத்து, ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி அளவுக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் வாளியின் கொள்ளளவை நம்ப வேண்டாம். குழாயை முழுதாகத் திறந்து, அந்தக் கோடு வரை நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். 600ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். ஒவ்வொரு தெருவிலும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாய், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. தண்ணீர் திறந்த நேரம், நின்ற நேரம் இரண்டையும் எழுத வேண்டும். ஒரே நாள் அளந்தால் அது கணக்காகாது, ஏழு நாள் வேண்டும். மின்தடை வந்த நாள், மோட்டார் பழுதான நாள் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் வாளி 25 நொடியில் நிரம்புகிறது. அதாவது நிமிடத்துக்கு 24 லிட்டர். கடைசிக் குழாயில் 75 நொடி, நிமிடத்துக்கு 8 லிட்டர். இரண்டு இடத்திலும் 20 நிமிடம் வருகிறது என்றால் முதல் வீட்டுக்கு 480 லிட்டர், கடைசி வீட்டுக்கு 160 லிட்டர். வீடுதோறும் குழாயில் குடிநீர் தர மத்திய அரசு 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர் தேவை. "எங்க தெருவுக்குத் தண்ணியே வரலை" என்பதை மறுத்துப் பேச ஆயிரம் வழி உண்டு. "220 வர வேண்டிய இடத்தில் 160 வருகிறது, ஏழு நாள் கணக்கு இதோ" என்பதை மறுக்க வேண்டுமானால் அவர்களும் வாளியோடு வர வேண்டும்.

எண் கிடைத்ததும் காரணத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் பிள்ளைகளின் மூளைக்கு உண்மையான வேலை. கடைசி முனையில் குறைவதற்கு வழக்கமான காரணங்கள் சிலதான். வழியில் உள்ள வீடுகளில் குழாயில் நேராகச் சிறு மோட்டார் வைத்து உறிஞ்சுவது முதல் காரணம். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் கடைசிக் குழாயில் வேகம் திடீரென்று கூடும், அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது, கேட் வால்வு துருப்பிடித்துப் பாதி திறந்த நிலையில் நின்றுபோவது. அதனால் தெருத் தெருவாக முறை வைத்து விட முடியாமல் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்து விடுகிறார்கள். மேட்டுத் தெரு காய்ந்துபோகிறது. மூன்றாவது, மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் தொட்டி முழுதாக நிரம்பாதது. நான்காவது கசிவு. போர்வெல்லிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் கசிந்தால், நாளுக்கு நான்கு மணி நேரம் மோட்டார் ஓடும் ஊரில் 1,440 லிட்டர் மண்ணுக்குப் போகிறது. அது 26 பேருக்கான ஒரு நாள் பங்கு.

உறிஞ்சும் மோட்டார் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எந்த வீடு என்று பிள்ளைகள் பெயரைச் சொல்லக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. தெருவின் மொத்த எண்ணிக்கையைக் குறித்தால் போதும். நடவடிக்கை எடுப்பது ஊராட்சியின் வேலை. ஒரு பதினைந்து வயதுப் பையன் பக்கத்து வீட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வாங்கினால், அடுத்த ஞாயிறு அவனை வீட்டில் விட மாட்டார்கள்.

இனி தண்ணீரின் தரம். இதில் ஒவ்வொரு குழுவும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. இணையத்தில் டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, 700 என்று காட்டியதும் "ஊர்த் தண்ணீர் விஷம்" என்று வாட்ஸாப்பில் போட்டுவிடுவார்கள். அந்தக் கருவி சொல்வது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டுமே. ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. கிருமி இருக்கிறதா, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு இருக்கிறதா என்பதை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது. 200 காட்டும் தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். 900 காட்டும் தண்ணீர் உப்புக் கரித்தாலும் கிருமியில்லாமல் இருக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது குளோரின். மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது ஊராட்சிகளில் புழங்கும் அளவு. அப்படியானால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம், 60,000 லிட்டருக்கு 240 கிராம். பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அந்த வலு வந்து சேரும்போது இருக்கும், திறந்த மூட்டையில் வெயிலும் ஈரமும் பட்டுக் கிடந்தால் இறங்கிவிடும். வலு 20 சதவீதத்துக்கு இறங்கிய பவுடரில் அதே 120 கிராமைப் போட்டால் வேலை நடக்காது, ஏறத்தாழ 200 கிராம் வேண்டும். பவுடரை மூடி உள்ள பிளாஸ்டிக் டிரம்மில், நிழலில் வைக்கிறார்களா என்று பார்ப்பதே ஒரு நல்ல கண்டுபிடிப்பு.

போடும் விதத்திலும் தவறு நடக்கும். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் தங்கும், குளோரின் சரியாகக் கலக்காது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, வாளி நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, கசடு அடியில் படியும் வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி பாதி நிரம்பும்போது ஊற்றினால் மீதி நீர் விழுந்து தானாகக் கலக்கும். அரை மணி நேரம் கழித்தே தெருவுக்குத் திறந்து விட வேண்டும். விடிகாலை அவசரத்தில் விட்டுப்போவது இந்த அரை மணி நேரம்தான். இந்த வேலையைச் செய்வது ஆபரேட்டர்; பிள்ளைகள் கீழே நின்று பார்த்துக் குறிக்கலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை எந்தக் காரணத்துக்கும் தொட்டி ஏணியில் ஏற விடாதீர்கள். மற்றவர்களும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடக் கூடாது. மூடிக்குப் பூட்டு இருக்கிறதா, கடைசியாகக் கழுவிய தேதி எழுதியிருக்கிறதா என்பதை ஆபரேட்டரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குளோரோஸ்கோப் கருவியில் அளவுக்கோடு வரை தண்ணீர் பிடித்து, கருவியோடு வரும் கரைசலைச் சொன்ன துளி விட்டால் மஞ்சள் நிறம் வரும், அதை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். உடனே பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் ஏறி, இல்லாத குளோரினும் இருப்பதாகத் தோன்றும். கரைசல் கையில் படக் கூடாது, சோதித்த நீரை யாரும் குடிக்கக் கூடாது. இந்தக் கருவிக்காகப் பணம் வசூலிக்கத் தொடங்கும் முன் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஒரு களச் சோதனைப் பெட்டியும், ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் தருவது வழிகாட்டு நெறி. அந்தப் பெட்டி பீரோவில் சும்மா இருக்கலாம். பயிற்சி பெற்ற பெண்கள் ஊர் மகளிர் குழுவிலேயே இருக்கலாம். அவர்களைத் தேடிப் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொன்னால் இரு தரப்புக்கும் மரியாதை.

தொட்டிக்குப் பக்கத்தில் குளோரின் 0.5 இருந்து கடைசியில் பூஜ்யம் என்றால், நடுவில் எங்கோ சாக்கடை நீரைக் குழாய் உள்ளே இழுக்கிறது, அல்லது குழாய்க்குள் அழுக்கு படிந்து குளோரினைத் தின்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். வரைபடத்தில் சாக்கடையைக் குழாய் கடக்கும் இடங்களைக் குறித்தது இதற்காகத்தான். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறையும். ஓட்டை இருந்தால் சுற்றியுள்ள சாக்கடை உள்ளே போகும். அடுத்த முறை திறந்ததும் முதல் குடத்தில் அது வரும். உறிஞ்சும் மோட்டார்கள் இதை இன்னும் மோசமாக்கும்.

கிருமிக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்ற எளிய சோதனை உண்டு. கோடு வரை நீர் நிரப்பி அறை வெப்பத்தில் வைத்தால், கழிவுக் கிருமி இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுக்கும். சில நிலத்தடி நீரில் கந்தகம் இயல்பாகவே இருப்பதால் கிருமி இல்லாமலும் கறுக்கலாம். அதனால் கறுத்த குப்பியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போகாமல் ஆய்வகத்துக்குப் போங்கள். கறுத்த குப்பிக்குள் பிளீச்சிங் கரைசல் விட்டு வைத்திருந்து பிறகு அப்புறப்படுத்துங்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. ரசாயனச் சோதனைக்கு அதே நீரால் மூன்று முறை அலசிய சுத்தமான இரண்டு லிட்டர் கேன் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும், அதை அலசவே கூடாது. குழாய் வாயைத் துடைத்து, நெருப்பில் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓட விட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. 24 மணி நேரம் தாண்டினால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. வெள்ளிக்கிழமை மாலை மாதிரி எடுத்துவிட்டு ஆய்வகம் பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. திங்கள் அல்லது செவ்வாய்க் காலையில், முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். ஒவ்வொரு நீராதாரத்துக்கும் ஆண்டுக்கு ஒரு முறை ரசாயனச் சோதனையும், மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை கிருமிச் சோதனையும் நடந்திருக்க வேண்டும் என்பது விதிமுறை. அந்த அறிக்கைகளின் நகலை ஊராட்சியில் கேட்பதும் குழுவின் வேலை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் என்றால் ஃபுளோரைடைத் தனியாகப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, 1.5 தான் உச்சம். பள்ளிப் பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கறையும் இருந்தால் அது பல் விளக்காததன் அடையாளம் இல்லை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகி அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. காவிரி நீரையும் உள்ளூர் போர்வெல் நீரையும் ஒரே தொட்டியில் கலந்து விடும் ஊரில் அதன் பயன் குறைந்துபோகும். குடிக்க ஒரு குழாய், புழங்க ஒரு குழாய் என்று பிரிக்கச் சொல்லிக் கேட்பது அங்கே நல்ல தீர்மானம்.

அளந்ததை ஒரே பக்கத்தில் எழுத வைப்பது பெரிய கலை. பிள்ளைகள் முதலில் நான்கு பக்கம் எழுதுவார்கள். "இந்த அவலநிலை என்று தீரும்" என்று முடிப்பார்கள். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். தெரு, வர வேண்டிய அளவு, வந்த அளவு, தேதி, காரணம் எனத் தோன்றுவது, கேட்கும் வேலை: இந்த ஆறு கட்டம் உள்ள ஓர் அட்டவணை. கீழே வரைபடம். "கிழக்குத் தெரு திருப்பத்தில் உள்ள கேட் வால்வு பாதிக்கு மேல் திறக்கவில்லை. அதை மாற்றி, இரண்டு தெருக்களுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடக் கேட்கிறோம்." இப்படிக் கேட்டால் செயலர் மதிப்பீடு போட முடியும். "குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று கேட்டால் "ஆவன செய்யப்படும்" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

இந்த ஒரு பக்கத்தைச் சொன்னபடி முதலில் தலைவரிடமும் செயலரிடமும் காட்டுங்கள். ஒரு வால்வு, ஒரு கசிவு, பவுடர் வைக்க ஒரு டிரம் என்று சிறு வேலைகளில் பாதி அங்கேயே முடிந்துவிடலாம். பணம் இல்லை என்ற பதில் வந்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 2021-26 காலத்துக்கு மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த 15வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அந்தக் கணக்கில் என்ன வந்தது, எதற்குச் செலவானது என்று மரியாதையாகக் கேட்கலாம்.

அடுத்த படி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் தமிழ்நாட்டில் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் குடிநீர் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் சேரவில்லை என்றால் கூட்டம் செல்லாது, அதனால் வீடு வீடாகப் போய் அழைப்பதும் குழுவின் வேலைதான். மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் சொல்லிவிட்டால் கூட்டம் தானாகச் சேரும்.

கூட்டத்தில் நடக்கும் தவறுகள் மூன்றைச் சொல்லிவைக்கிறேன். கூட்டம் தொடங்கும் முன்பே வெற்றுத் தாளிலோ எழுதாத பதிவேட்டிலோ கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வருகைக்குக் கையெழுத்து போடலாம், தீர்மானம் எழுதிப் படித்த பிறகே தீர்மானத்துக்குப் போட வேண்டும். இரண்டாவது, வாயால் பேசியதெல்லாம் தீர்மானம் ஆகிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பதிவேட்டில் ஏறாத பேச்சுக்கு மதிப்பில்லை. தீர்மான வாசகத்தை வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, கூட்டம் கலைவதற்கு முன் சத்தமாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள். மூன்றாவது, ஒரே கூட்டத்தில் பத்துப் பிரச்சினைகளை எழுப்புவது. ஒன்றைக் கேட்டு ஒன்றை வாங்குங்கள்.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள். அதனால் தீர்மானத்தை முன்மொழிவது 18 வயது நிரம்பியவராக இருக்கட்டும். அளந்த கதையைச் சொல்வதும் சார்ட்டை விளக்குவதும் பதினைந்து வயதுப் பெண்ணாக இருக்கட்டும். கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிக் கிராம சபை நடக்கிறது, கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு இயக்கத்தின் பாலசபைகள், அதாவது குழந்தைகள் குழுக்கள், இருக்கின்றன. நம் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். பேசும் முன் பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். குறுக்கே பேசுபவர் வேடத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். "நேத்துப் பொறந்தவன் எங்களுக்குச் சொல்றியா" என்ற குரல் கட்டாயம் வரும். அதற்குப் பதில், கோபப்படாமல் அடுத்த எண்ணைப் படிப்பது.

தீர்மானம் போட்டும் அறுபது நாளில் அசைவில்லை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பேர் இருப்பார்கள், நீங்கள் பார்க்க வேண்டியவர் கிராம ஊராட்சிக்கானவர். பிறகு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால் அங்கே கொடுக்கும் மனுவுக்கு எடை உண்டு. மனு எண் வாங்காமல் திரும்பக் கூடாது. முதல்வரின் உதவி மையம் 1100 என்ற எண்ணிலும் பதியலாம்.

ஆவணம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 6(3). "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்பது தகவலாகாது என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: கடந்த 12 மாதக் குடிநீர் ஆய்வக அறிக்கைகளின் நகல், மோட்டார் பழுதுபார்த்த செலவுச் சீட்டுகளின் நகல், பிளீச்சிங் பவுடர் இருப்புப் பதிவேட்டின் நகல். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மனுவைப் பெரியவர் பெயரில் போடுங்கள், வாசகத்தைப் பிள்ளைகள் எழுதட்டும். இதை முதல் வாரமே ஆயுதமாக எடுத்தால் செயலர் எதிரியாகிவிடுவார், நேரில் கேட்டுக் கிடைக்காதபோது மட்டும் எடுங்கள்.

காணொளி எடுத்துப் பரப்புவதும் அப்படித்தான். அது வேலை செய்யும், ஒரு முறை. கேமராவுக்கு முன் ஒரு லாரித் தண்ணீர் வரும், படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், வால்வு அப்படியே இருக்கும். கட்சிக்கொடி, மன்றத்தின் பெயர், வரப்போகும் தேர்தலில் நிற்க நினைப்பவரின் பணம் ஆகியவற்றைக் குழுவுக்குள் விடாதீர்கள். விட்ட மறுநாளே ஊர் இரண்டாகும், எண்களும் இரண்டு கட்சி எண்களாகிவிடும். செலவே சில நூறு ரூபாய்தான். அதையும் இரண்டு பேர் கையெழுத்தோடு எழுதிவைத்து, மாதம் ஒரு முறை நூலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கும் அளக்கும் முறை இதுவேதான். கிராம சபையின் இடத்தில் பகுதி சபையும் வார்டு குழுவும் வரும். 2022 விதிகளுக்குப் பிறகு அவை நடைமுறைக்கு வந்தன. வார்டு கவுன்சிலரும் உதவிப் பொறியாளரும் நீங்கள் பார்க்க வேண்டியவர்கள்.

இப்படி ஒரு தெருவில் வேலை முடிந்ததும் குழு அடுத்த பிரச்சினைக்குத் தாவும். தாவும் முன் அதே குழாயில், அதே வாளியில், மறுபடி ஏழு நாள் அளக்க வையுங்கள். வால்வு மாற்றியும் 160 லிட்டர் 170 ஆக மட்டுமே ஏறியிருந்தால் காரணம் வேறு. அந்த இரண்டாவது அளவை தலைவரிடமும் ஆபரேட்டரிடமும் கொண்டுபோய்க் காட்டட்டும். ஏறியிருந்தால் அடுத்த கிராம சபையில் அவர்கள் பெயரைச் சொல்லி நன்றி கூறட்டும். குறை சொல்ல மட்டும் வருகிறவர்கள் என்ற பெயர் அதோடு போய்விடும்.

இதில் மீளாத சிக்கல் ஒன்றே ஒன்று: ஆள் மாறுவது. கல்லூரிக்கு ஒருவர், திருப்பூருக்கு ஒருவர், கல்யாணமாகி ஒருவர் என்று இரண்டு ஆண்டில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். தடுக்க முடியாது, தயாராக இருக்கலாம். ஒவ்வொரு வேலையிலும் ஒரு மூத்தவரோடு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைச் சேர்த்து விடுங்கள். வரைபடம், அளவுகள், மனு எண்கள், தீர்மான நகல்கள் எல்லாம் ஒரே தடித்த நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டு யார் வீட்டிலும் இல்லாமல் நூலகத்திலோ பள்ளியிலோ இருக்கட்டும். வாட்ஸாப்பில் மட்டும் இருக்கும் கணக்கு, செல்போன் மாற்றும் நாளில் போய்விடும். 17 வயது நிரம்பியவர்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ இப்போதே கொடுத்து வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எது 18 நிரம்பியதை அடுத்து வருகிறதோ அந்தத் தேதியை வைத்துப் பட்டியலில் பெயர் சேரும். அதன் பிறகு வரும் கிராம சபையில் தீர்மானத்தை முன்மொழிய அவர்களுக்கு வேறொருவர் தேவையில்லை.